நல்லவேளைக்கு ஒரு அப்பளம்

ஒரு விடுகதை போடட்டுமா சார்? பஸ் இப்போதைக்குக் கிளம்பாது. டிரைவர் சட்டையைக் கழற்றி சீட்டில் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். சட்டையைக் கழற்றிவிட்டார் என்றால் சின்ன வேலை இல்லை என்று அர்த்தம். நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.

கரண்ட் போனால் வரும். கரண்ட் வந்தால் போகும். அது என்ன?

இருட்டா? எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். தப்பு. மெழுகுவர்த்தியா? அதுவும் தப்பு. நானே சொல்லிவிடுகிறேன். குடும்பம்! கரண்ட் போனதும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தவர்கள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து உட்காருகிறோம் இல்லையா? கரண்ட் வந்ததும் ஒருவர் டிவிக்கு, ஒருவர் போனுக்கு என்று போய்விடுகிறோம். எப்படி? நானே கட்டியது. இதை என் மகள் மிருதுளாவிடம் போட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. "கொசு" என்றாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் சரியான விடையைச் சொல்லி விளக்கினேன். அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கையை என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள். "இதோ, உங்க குடும்பம்" என்றாள்.

அவள் விஷயமாகத்தான் என் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன். இனிமேல் அவள் என்னோடு இருப்பதா, அவள் மாமாவோடு இருப்பதா என்று அவளையே கேட்டுவிடுவதாக ஏற்பாடு. ஒன்பது வயதுப் பெண்ணை! அவள் எங்கே இருக்கிறாளோ அங்கேதான் தானும் என்று என் மனைவி செண்பகம் சொல்லிவிட்டாள். ஆக, ஒரு சின்னப் பெண்ணின் வாயில் என் குடும்பம் முழுவதும் இருந்தது. என்ன சொன்னாள் என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் தில்லைநாயகம். மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் விற்கிற பெரிய கடை ஒன்றில் வேலை. விற்கிற இடத்தில் இல்லை. விற்றது ஓடாமல் போனால் தூக்கிக்கொண்டு வருவார்களே, அந்த மேஜை. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொன்னால் பிறகு எங்கள் நகராட்சியைப் பற்றி ஏதாவது வாய் தவறி வந்துவிடும். நான் யாரையும் குறை சொல்வதில்லை.

ஆனால் மற்றவர்கள் குறை சொல்வதைக் கேட்பதுதான் எனக்குச் சம்பளம். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கட்டைப் பையில் மிக்ஸி ஜாரோடு நிற்பார்கள். உள்ளே தேங்காய்ச் சட்னி காய்ந்து ஒட்டியிருக்கும். கழுவிக்கூடக் கொண்டுவர மாட்டார்கள், சாட்சிக்கு வேண்டும் என்று. "இதைப் பாருய்யா, இதை மோந்து பாருய்யா" என்பார்கள். மோந்து மோந்து எனக்கு வயிற்றில் புண் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் சட்னியைக் கண்டாலே பயம்.

அப்படி இருக்கும்போது முதலாளி எங்களை ஒரு ஹோட்டல் மாடிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். வெளியூரிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்திருந்தார். அன்று பார்த்து ஏசி ஓடவில்லை. கோட்டுக்குள் மனிதர் இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தார். ஆனால் முகம் மலர்ந்து மைக்கைப் பிடித்தார். "ஏசி ஓடவில்லை. நல்லவேளை, ஒருத்தரும் தூங்க மாட்டீர்கள்!" என்றார். நாங்கள் கைதட்டினோம். என்ன தொல்லை வந்தாலும் வாயில் முதலில் வர வேண்டியது 'நல்லவேளை' என்கிற சொல். அதைச் சொல்லிவிட்டால் அதற்குப் பின்னால் ஒரு நல்லது தானாக வந்து நிற்கும். இதுதான் பயிற்சி. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே சொன்னார். மதியம் அவர் சாப்பிட வரும்போது தயிர் தீர்ந்துபோயிருந்தது. "யாரைக் கேட்டுய்யா எல்லாத் தயிரையும் ஊத்துனீங்க?" என்று சமையற்கட்டு வாசலில் நின்று கத்தினார். அது வேறு விஷயம். மனிதர் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாளே மேஜையில் சோதித்துப் பார்த்தேன். ஓர் அம்மா மிக்ஸியை நங்கென்று வைத்தார்.

"அரைச்சுக்கிட்டு இருக்கும்போதே நின்னுபோச்சுய்யா."

"நல்லவேளைம்மா. வீட்டு ஆளுங்க மட்டும் இருந்தப்ப நின்னுச்சு. விருந்தாளி வந்த அன்னைக்கு நின்னிருந்தா?"

"விருந்தாளி வந்த அன்னைக்குத்தான்யா நின்னுச்சு."

நான் அசரவில்லை. "நல்லவேளை, சீக்கிரமாக் கிளம்பியிருப்பாங்களே!"

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார் சார்! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மிக்ஸி சரியாயிற்றா என்று கேட்காதீர்கள். அது சர்வீஸ் பையன்களின் பாடு. ஆனால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து என் வயிற்றுப் புண் ஆற ஆரம்பித்தது. நான் பொய் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டில் சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இவ்வளவு நல்ல மருந்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வர மனம் வருமா? வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு சட்டம் போட்டேன். ராத்திரி சாப்பிட உட்காரும்போது அன்றைக்கு நடந்த தொல்லையை ஆளுக்கு ஒன்று சொல்லலாம். ஆனால் கூடவே 'நல்லவேளை' போட்டு ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். யார் நன்றாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஓர் அப்பளம் கூடுதல். நல்லவேளை போடாமல் வெறும் குறையை மட்டும் சொன்னால் அப்பளமே கிடையாது. அப்பளம் என்றால் எங்கள் வீட்டில் உயிர் சார். அதனால்தான் அதில் கையை வைத்தேன்.

ஆரம்பத்தில் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? மிருதுளா பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டியில் தோற்றுவிட்டு வந்தாள். "நல்லவேளை, ஜெயிச்சிருந்தா அடுத்த வாரமும் அதே பாட்டைப் பாடணும்" என்றாள். செண்பகம் தோசை வார்க்கும்போது பாதியில் கேஸ் தீர்ந்துவிட்டது. "நல்லவேளை, உங்க பங்கு தோசை வெந்திருச்சு, என் பங்குதான் மிச்சம்" என்றாள். அதில் ஏதோ குத்தல் இருந்தது போலத் தெரிந்தது. இருந்தாலும் சட்டப்படி சரியாக இருந்ததால் அப்பளம் கொடுத்தேன். மூன்று பேரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். மிருதுளாவுக்குப் புரையேறி, அவள் அம்மா தலையில் தட்ட, அதற்கும் ஒரு நல்லவேளை சொன்னாள். அந்த நாட்களை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

அதோ பாருங்கள், முன்சீட்டு அம்மா கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார். "வேற வண்டி வருமா வராதா, ஒரு பதிலைச் சொல்லு" என்கிறார். பாவம், எவ்வளவு ரத்தக் கொதிப்பு. நல்லவேளை, வண்டி நிழலில் நின்றது. என்ன, இந்தப் பக்கம் வெயில் அடிக்கிறதா? அப்படியென்றால் நல்லவேளை, அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நிழல்.

எங்கே விட்டேன்? சாக்கடை. இல்லை, சாக்கடையை இன்னும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டு நின்றது. படியிறங்க ஒரு கல், தெருவுக்குப் போக இன்னொரு கல் என்று போட்டிருந்தேன். செண்பகம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, நகராட்சி ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள். "நல்லவேளை, ஓட்டுக் கேட்க ஒருத்தனும் உள்ளே வர மாட்டான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சில நாளில் மூக்கு பழகிவிடும் சார். எனக்குப் பழகிவிட்டது.

அப்போதுதான் என் மச்சான் வந்தார். பரமகுரு என்று பெயர். செண்பகத்துக்கு அண்ணன். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அவரைப் போலக் குறை சொல்கிற பிறவியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. காபி கொடுத்தால் சூடு போதாது என்பார். சூடாக்கிக் கொடுத்தால், "நாக்கை வேக வைக்கவா கூப்பிட்ட?" என்பார். கல்யாணம் ஆகவில்லை. ஆக இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், "பஜ்ஜியில உப்பு இல்லை. பொண்ணு பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார். பஜ்ஜி போட்டது பெண்ணின் அப்பா.

அவர் வாசல் கல்லில் கால் வைத்ததும் வழுக்கி, முழங்கால் வரை உள்ளே போய்விட்டார்.

"நல்லவேளை மச்சான், ஒரு கால்தான்" என்றேன்.

"மாப்ள," என்றார், "வாயை மூடிக்கிட்டு ஒரு வாளித் தண்ணி கொண்டா."

காலைக் கழுவிக்கொண்டு நேரே நகராட்சிக்குப் போனார். மனுக் கொடுத்தார். அடுத்த வாரம் லீவு போட்டு வந்து மறுபடியும் போனார். யாரோ அவரை இன்னொருவரிடம் அனுப்ப, அந்த இன்னொருவர் சாப்பிடப் போயிருக்க, அவர் வரும்வரை வராந்தாவில் உட்கார்ந்து விசில் ஊதியிருக்கிறார். அலைந்தார், கத்தினார், திரும்பவும் போனார். கடைசியில் ஒரு நாள் ஆட்கள் கம்பியோடு வந்து அடைப்பை எடுத்துவிட்டுப் போனார்கள். எதற்கு இவ்வளவு அலைச்சல்? எங்களுக்குத்தான் பழகிவிட்டதே!

யோசித்துப் பாருங்கள் சார். ஒரு மனிதன் திரும்பத் திரும்பப் போய் மனுக் கொடுக்கிறான் என்றால், எவனோ ஒருவன் கேட்பான், கேட்டுச் செய்வான் என்று மனசுக்குள் எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்! பைத்தியக்கார நம்பிக்கை. எனக்கு அந்தத் தொல்லை கிடையாது. நான் யாரிடமும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறேன். பாசிட்டிவாக இருப்பது என்றால் அதுதானே?

இதை அவரிடமே சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தங்கையைப் பார்த்து, "செம்பா, நீ எப்படி இந்த ஆளோட குப்பை கொட்டுற?" என்றார்.

செண்பகம் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதெல்லாம் அவள் அதிகம் பேசுவதில்லை. ஒரு நாள் சமையற்கட்டுக் குழாய் சொட்டுகிறது என்றாள். சொட்டுவதும் ஒரு சங்கீதம்தான் என்று நான் ஆரம்பித்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்ககிட்ட ஒரு கஷ்டத்தைச் சொன்னா, அதுக்கு ரிப்பன் கட்டி எனக்கே திருப்பிக் குடுக்குறீங்க" என்றாள். நல்ல வாக்கியமாக இருக்கிறதே என்று கடையில் எல்லோரிடமும் சொன்னேன். அதன் பிறகு அவள் குழாயைப் பற்றிச் சொல்லவே இல்லை. எதைப் பற்றியும் சொல்லவில்லை. ராத்திரி அவள் முறை வந்தால், "ஒண்ணுமில்லை. எல்லாம் நல்லா இருக்கு" என்பாள். எவ்வளவு பெரிய முன்னேற்றம்! கல்யாணமான புதிதில் எவ்வளவு புலம்புவாள் தெரியுமா? வீடே அமைதியாகிவிட்டது. நான் சாப்பிடுகிற அப்பளத்தின் சத்தம் எனக்கே கேட்டது.

மிருதுளா மட்டும் விடாமல் விளையாடினாள். அவள்தான் என் நல்ல மாணவி. ஒரு நாள் ராத்திரி அவள் முறை வந்தது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு இடது காது வலிக்குது. நல்லவேளை, வலது காது கேக்குது."

எப்படி இருக்கிறது பாருங்கள்! நான் எழுந்து நின்று கைதட்டினேன். பயிற்சி கொடுத்த கோட்டுக்காரருக்குக்கூட இப்படித் தோன்றியிருக்காது. அன்றைக்கு ஓர் அப்பளம் போதாது என்று இரண்டு கொடுத்தேன். செண்பகம் அன்று அவளுடைய அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் அவளும் கைதட்டியிருப்பாள். தட்டியிருக்க மாட்டாளோ? தெரியவில்லை.

அதற்குப் பிறகு மிருதுளா காதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே விஷயத்துக்கு மறுபடியும் அப்பளம் கிடையாது என்பது சட்டம். அவள் சட்டத்தை மதிக்கிற பெண்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். முறுக்கு வாங்கி வந்திருந்தார். எண்ணெய்ச் சிக்கு நாற்றம் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே அதைத் தின்றார். மிருதுளா வலது காதைக் கைமேல் அழுத்தியபடி தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். "ஏ மிரு, முறுக்கு வேணுமா?" என்றார். அவள் திரும்பவில்லை. "ஏ குட்டி!" என்றார். திரும்பவில்லை. முறுக்கு என்றால் ஓடி வருகிற பெண். மச்சான் வாயில் இருந்ததை மெல்லாமல் நிறுத்தினார். எழுந்து போய் அவளுக்கு இடது பக்கமாகக் குனிந்து விசிலை ஊதினார். மெதுவாகத்தான் ஊதினார். இருந்தாலும் டிரில் மாஸ்டர் விசில். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

மிருதுளா பென்சிலைக்கூட நிறுத்தவில்லை. நாய் குரைத்த பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

"நல்லவேளை, குழந்தை பயப்படலை" என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் பார்க்க மாட்டார் என்று வாசலில் சொன்னார்கள். மச்சான் போட்ட சத்தத்தில் டாக்டரே மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். ஒரு சின்ன விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார். உள்ளே சீழ் வைத்து, சவ்வில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார்.

"எப்பலேர்ந்தும்மா வலிக்குது?"

மிருதுளா என்னைப் பார்த்தாள்.

"வீட்டுல யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேனே," என்றாள். "ரெண்டு அப்பளம் குடுத்தாங்க."

டாக்டருக்கு விளங்கவில்லை. நான் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். கோட்டு, ஏசி, நல்லவேளை என்று முறையாகத்தான் சொன்னேன். பாதியில் அவர், "நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க சார்" என்றார். செண்பகம் மட்டும் உள்ளே இருந்தாள்.

மருந்து ஊற்ற வேண்டும், காதில் தண்ணீர் படக் கூடாது, சவ்வு மூடிக்கொள்கிறதா என்று சில மாதம் பார்க்க வேண்டும், கேட்பது முழுவதும் திரும்பும் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. இவ்வளவுதான் டாக்டர் சொன்னது.

ஊசி போடுகிற அறைக்கு வெளியே ஒரு சின்னப் பெண் குழந்தை, நாலு வயது இருக்கும், கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. மிருதுளா அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "வலிக்குதா? எங்க வலிக்குதுன்னு அம்மாகிட்ட நல்லாச் சொல்லு. அழுது முடி. அப்புறமா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்லவேளை கண்டுபிடிப்போம்" என்றாள். குழந்தை அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தது. எனக்கு ஒரே பெருமை. ஆனால் வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டாள், கவனித்தீர்களா? நல்லவேளைதான் முதலில். நான் அங்கேயே திருத்தினேன். குழந்தையின் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு மனசு சரியாக இருக்காது.

மச்சான் ஊரில் ஒரு நல்ல காது டாக்டர் இருக்கிறார் என்று செண்பகம் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். பரீட்சை முடிந்த லீவு. லீவுக்குத்தானே என்று நானே பஸ் ஏற்றிவிட்டேன். இரண்டு பேருக்கும் ஜன்னல் ஓர சீட்டுக் கிடைத்தது. கையாட்டினேன். மிருதுளா ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து நானே சோறு பொங்கி, அப்பளம் பொரித்தேன். கைப்பழக்கத்தில் மூன்று பேருக்குப் பொரித்துவிட்டேன். தட்டில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, சட்டப்படி நானே ஆரம்பித்தேன். "வீட்டுல யாரும் இல்லை. நல்லவேளை," என்றேன். அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். பசி மயக்கமாக இருக்கும். அப்பளம் வேறு தொண்டையில் குத்திவிட்டது.

லீவு முடிந்தது. அவர்கள் வரவில்லை. போனில் செண்பகம், "இங்கேயே ஸ்கூல்ல சேர்க்கலாமான்னு அண்ணன் கேக்குது" என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. "சரி, அவளே சொல்லட்டும். நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்க மாட்டேன், நீங்களும் வந்து ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாது" என்றாள். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. ஏனென்றால் அவள் என் மாணவி. குறை சொல்கிற ஆளோடு எவ்வளவு நாள் தாங்குவாள்?

இன்று காலையில் போய் இறங்கினேன். வாசலிலேயே சத்தம் கேட்டது. மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது இட்லியா மாமா?" இது என் மகள். "இதை எறிஞ்சா மாங்கா விழும்."

"ஏன், உங்கம்மா மாவு ஆட்டுன லட்சணம்! இதை என் பயலுககிட்டக் குடுத்தா குண்டு எறிதல்ல மாவட்ட அளவுல ஜெயிப்பானுங்க."

"ரெண்டு பேரும் நாளைக்கு நீங்களே ஆட்டிக்குங்க. எனக்கென்ன?" இது செண்பகம். "ராத்திரி பெஞ்ச மழைக்கு மாவு பொங்கவே இல்லை. உங்க வீட்டு கிரைண்டர் வேற அரைக்கிறதை விட்டுட்டு அழுவுது."

"சட்னி உறைக்குது மாமா. நாக்கு எரியுது."

"எரியும் எரியும். பச்சை மிளகாய் விக்கிறவன் திருட்டுப் பய" என்று திட்டிக்கொண்டே மச்சான் எழுந்து போய், ஒரு கரண்டித் தயிர் கொண்டுவந்து அவள் தட்டில் ஊற்றினார்.

எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. எப்படி வளர்த்த பெண்! எத்தனை குறை, அதுவும் காலை வேளையில். மூன்று பேரும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள், அது வேறு.

என்னைப் பார்த்ததும் சத்தம் நின்றது. மிருதுளா ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். காதில் பஞ்சு இருந்தது. செண்பகம் எனக்கும் தட்டு வைத்தாள். இட்லி, உண்மையைச் சொன்னால், கல்தான். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். மிருதுளா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

"நல்லவேளை, இட்லின்னு ஒண்ணு இருக்கு" என்றேன்.

"கல்லு மாதிரி இல்லை?"

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுடா."

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா உத்தரத்தைப் பார்த்தார். அங்கே இருந்த ஒட்டடையைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்.

பிறகு செண்பகம் அவளைத் தன் எதிரில் உட்கார வைத்தாள். "மிரு, அப்பா வீட்டுக்குப் போயி பழைய ஸ்கூலுக்கே போறியா, இங்கேயே மாமாகூட இருந்து சேர்றியா? நீ எதைச் சொன்னாலும் யாரும் கோவிச்சுக்க மாட்டோம். அம்மா உன்கூடத்தான் இருப்பேன்." மச்சான் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று தெரியவில்லை. பையை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த மனிதருக்கு என்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வாக்குக் கொடுத்தபடி ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன், அவ்வளவுதான். அவளும் சிரித்தாள். என்னோடு வருகிற சிரிப்பு அது. சத்தியமாகச் சொல்கிறேன் சார், அவள் வருவதாகத்தான் இருந்தாள். எழுந்துகூட நின்றுவிட்டாள். நின்றுகொண்டு ஒன்று கேட்டாள்.

"அப்பா, அங்க வந்தா, வலிக்குதுன்னா வலிக்குதுன்னு மட்டும் சொல்லலாமா?"

சின்னக் கேள்வி. செண்பகம் என்னைப் பார்த்தாள். மச்சான்கூட, என்னைப் பிடிக்காத அந்த மனிதர்கூட, சொல்லுய்யா என்பது போலத் தலையை ஆட்டினார். நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு தகப்பன் பிள்ளைக்கு அரைகுறையாகவா சொல்லிக் கொடுப்பது?

"தாராளமாச் சொல்லலாம்டா கண்ணு," என்றேன். "ஆனா கூடவே..."

செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

மிருதுளா மறுபடியும் உட்கார்ந்தாள். தட்டில் மிச்சமிருந்த இட்லியைத் தயிரில் பிசைந்து தின்று முடித்தாள். மாமா வீட்டிலேயே இருப்பதாகச் சொன்னாள்.